படிகாரத் தண்ணீரில் போன கன்னம்

1

எனக்கு அறுபத்தாறு வயது நடக்கிறது. பெற்றது ஒன்பது, வளர்த்து நிறுத்தியது ஆறு. ஆறு பேரும் கோலாலம்பூரிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் வேலை பார்த்துச் சாப்பிடுகிறார்கள். ஒருவனும் இன்னொருவன் வாசலில் கை நீட்டி நின்றதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மீதியைப் படித்துவிட்டு ஊரில் யாரும் "ஐயோ பாவம் ராமாயி" என்று சொல்ல வேண்டாம்.

எழுத்து நான் பள்ளிக்கூடம் போய்ப் படித்ததல்ல. மூத்தவன் பழனி இங்கே தமிழ்ப் பள்ளியில் சேர்ந்தபோது, அவன் பலகையைப் பார்த்து அடுப்புக் கரியால் சுவரில் எழுதிப் பழகினேன். அவன் அப்பா சுவரைப் பார்த்துச் சத்தம் போட்டார். பிறகு அவருக்கு ஊரிலிருந்து கடிதம் வந்தால் நான்தான் கூட்டிக் கூட்டிப் படித்துச் சொல்ல வேண்டியிருந்தது. அதோடு சத்தம் நின்றது. சின்ன ர எங்கே, பெரிய ற எங்கே என்பது எனக்கு இன்றும் குழப்பம்தான். பேத்தி சரசு, பழனியின் மகள், திருத்துவதில்லை. அவளுக்கு இரண்டுமே குழப்பம்.

எழுத உட்கார்ந்த காரணத்தைச் சொல்கிறேன். இந்த ஆடியோடு என் தங்கை பாவாயி போய் இரண்டு வருஷம் ஆகிறது. போன வாரம் இங்கே ஆஸ்பத்திரியில் என் வலது கன்னத்தின் உள்பக்கத்திலிருந்து பயறு அளவு சதை வெட்டி எடுத்தார்கள். பாவாயிக்கும் அதே இடத்தில்தான் எடுத்தார்கள். நாங்கள் இரண்டு பேரும் புகையிலையை அந்தப் பக்கம்தான் அடக்குவோம். அம்மா அப்படித்தான் பழக்கிவிட்டாள்.

அவளுக்கு வந்தது எனக்கும் வந்திருக்கிறதா என்று பார்க்கத்தான் வெட்டியிருக்கிறார்கள். இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.

2

வெட்டிய டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். நல்ல மனிதர், பேச்சுதான் வேறு.

"அம்மா, வாயை வடிவாத் திறவுங்கோ" என்றார்.

அவர்கள் பக்கத்தில் வடிவாக என்றால் நன்றாக என்று அர்த்தமாம், எங்கள் பக்கத்தில் வடிவு என்றால் அழகு. இந்த வயதில் என்னை வாயை அழகாகத் திறக்கச் சொல்கிறாரே என்று எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் வலிக்கிறது, அது வேறு. அவர் தன் விரல்களை அடுக்கி வாய்க்குள் விட்டுப் பார்த்தார்.

"மூன்று விரல் போக வேணும். உங்களுக்கு இரண்டுதான் போகுது. எவ்வளவு காலமாய் இப்படி?"

"உருண்டை சின்னதாப் புடிச்சுச் சாப்பிடறனுங்க. அதனால தெரியலீங்க" என்றேன்.

உண்மையில் எனக்குத் தெரியும். ஊரில் சாப்பிடுகிற மாதிரிச் சோற்றைப் பெரிதாக உருட்டிப் போட முடியாமல் போனது பொங்கலிலிருந்தே. வீட்டில் யாரும் கவனிக்கவில்லை, நானும் சொல்லவில்லை. காலையில் குழாயடியில் தண்ணீர் பிடிக்கிறேன், பழனிக்குக் காப்பி வைக்கிறேன், சரசுக்குச் சடை பின்னுகிறேன். இதில் வாய் எவ்வளவு திறக்கிறது என்பதை யார் பார்க்கப் போகிறார்கள்?

சரசு பார்த்தாள். "பாட்டி, சாக்கிட்டா?" என்றாள். மலாய்க்காரர்கள் வலிக்கு அப்படித்தான் சொல்வார்கள். "வலிக்குதான்னு கேளு சாமி" என்றேன். "வலிக்குதா சாக்கிட்டா?" என்று இரண்டையும் சேர்த்துக் கேட்டாள்.

3

பாவாயி கதையைச் சொல்ல வேண்டும்.

எங்களுக்குத் திருச்செங்கோடு. தறிக்காரக் குடும்பம். பாவாயியைச் சேலம் அம்மாபேட்டையில் தறிக்காரர் கந்தசாமிக்குக் கொடுத்தோம். நான் புருஷனோடு இங்கே வந்துவிட்டேன். இடையில் ஊர் போனது இரண்டே தடவை. இரண்டாவது தடவை, இரண்டு வருஷத்துக்கு முன்னால், வைகாசித் தேருக்குப் போனேன். தேர் பார்த்த கையோடு சங்ககிரி வழியாகப் பஸ் பிடித்து அம்மாபேட்டை போய் இறங்கினேன். வாசலில் நின்ற பாவாயியைப் பார்த்ததும் கேட்டேன்.

"என்னடி, ஒரு கன்னம் மட்டும் சோறு திங்குதா?"

"பல்லு சொத்தைக்கா. நீ வந்ததும் வராததுமா என்ற மூஞ்சியப் பாக்காத, உள்ள வா."

பல் சொத்தை இல்லை. நான்தான் விடாப்பிடியாகச் சேலம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். அங்கிருந்த டாக்டர் உள்ளே பார்த்துவிட்டு, துளி சதை வெட்டிச் சோதிக்க வேண்டும் என்றார். அவரிடம் பூதக்கண்ணாடி மாதிரி ஒரு கருவி மேஜையில் இருந்தது. ஆனால் அதில் ரத்தமும் சளியும் பார்ப்பார்களாம். சதையை மெழுகில் வார்த்து, இழையாகச் சீவி, சாயம் ஏற்றிப் பார்க்கிற வசதி மதராஸில்தான் உண்டாம். தபாலில் அனுப்பினால் நாளாகும், ஆள் கொண்டு போனால் சீக்கிரம் முடியும் என்று சொல்லி, ஒரு சின்ன பாட்டிலில் ஸ்பிரிட் ஊற்றி, அதில் சதையைப் போட்டு, கந்தசாமி கையில் கொடுத்தார். ஒரு சீட்டும் எழுதிக் கொடுத்தார்.

அந்தச் சமயத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் ஜில்லாவில் மதுவிலக்கு வந்த புதுசு. கள்ளுக்கடை, சாராயக்கடை எல்லாம் மூடிவிட்டார்கள். பெண்டுகள் பொங்கல் வைத்துக் கொண்டாடினார்கள் என்று பாவாயி சொன்னாள். அவள் கொண்டாடியதில் நியாயம் உண்டு. கந்தசாமி தறிக்குழியில் இறங்கிய நேரத்தைவிடச் சாராயக்கடையில் உட்கார்ந்த நேரம் அதிகம். கடை மூடியதும் மலைக்கோயிலில் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்துவிட்டார், இனி அந்த வாசனைகூடப் பிடிக்க மாட்டேன் என்று. அதன்படியே நடந்தார். அதில் குறை சொல்ல முடியாது.

அப்படிப்பட்ட மனிதர் கையில் ஸ்பிரிட் பாட்டில்.

4

மதராஸிலிருந்து திரும்பி வந்து அவர் சொன்னதைச் சொல்கிறேன். நான் கூடப் போகவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் ஜட்கா பிடித்து ஜங்ஷனுக்குப் புறப்பட்டிருக்கிறார். பாட்டிலைத் துண்டில் சுற்றி மடியில் வைத்திருக்கிறார். குலுங்கலில் தக்கை கசிந்துவிட்டது. வண்டிக்காரன் மூக்கை உறிஞ்சினானாம்.

"ஏனுங்க, வண்டிக்குள்ள என்னமோ வாசம் அடிக்குதுங்களே?"

"ஒண்ணுமில்லப்பா, மருந்து."

"எங்க மாமனும் மருந்துன்னுதான் சொன்னாருங்க. ஆறு மாசம் உள்ள இருந்துட்டு இப்பத்தான் வந்தாரு. எறங்கிக்குங்க சாமி, காசு வேண்டாம். புடிச்சா உங்களோட போவாது, என்ற குதிரையையும் சேத்து ஸ்டேஷன்ல கட்டிப் போட்டுருவாங்க."

நட்ட நடு ரோட்டில் இறக்கிவிட்டுப் போய்விட்டான். ஜங்ஷன் வாசலில் இரண்டு போலீஸ்காரர்கள் மூட்டை முடிச்சுகளைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்களாம். மடியில் டாக்டர் சீட்டு இருக்கிறது. அதை எடுத்து நீட்டலாம் என்று அவருக்குத் தோன்றவில்லை. சத்தியம் செய்து ஒரு வருஷம் ஆகவில்லை, இவன் குடிகாரன் என்று ஊருக்கே தெரியும், சீட்டை யார் நம்புவார்கள் என்றுதான் தோன்றியிருக்கிறது.

"அப்பறம் என்ன பண்ணுனீங்க தம்பி?" என்று கேட்டேன்.

"கொழாயடியில கொட்டிட்டனுங்க அக்கா."

"சதையையுமா?"

"சேச்சே, அதையக் கொட்டுவனுங்களா? அது பத்திரமா இருந்துச்சு. பெட்டிக்கடையில படிகாரம் வாங்கித் தண்ணியில கரைச்சு ஊத்துனேன். நூலுக்குச் சாயம் நிக்கோணும்னா படிகாரந்தானுங்களே போடறோம்? நாசுவர் சவரம் பண்றப்ப வெட்டுனாலும் படிகாரந்தான தேய்க்கறாரு? கெடாதுன்னு நெனைச்சனுங்க."

மதராஸில் பாட்டிலைத் திறந்தவர் முகத்தைத் திருப்பிக்கொண்டாராம். கோடைக்காலம், ரயில் பெட்டி வேறு அடுப்பு மாதிரிக் கொதிக்கும். சதை அழுகிவிட்டது. இதில் பார்க்க ஒன்றும் இல்லை, திரும்ப வெட்டி, ஊற்றிக் கொடுத்ததை அப்படியே கொண்டு வா என்று அனுப்பிவிட்டார்.

கந்தசாமி தறிக்கு முன்னால் உட்கார்ந்து இதைச் சொல்லி முடித்தார். திட்டி என்ன ஆகப் போகிறது? பாவாயிதான் சிரித்தாள், கோணல் வாயோடு.

"பரவால்லக்கா. நான் பாக்காத மதராஸ என்ற கன்னம் டிக்கெட் வாங்காமப் பாத்துட்டு வந்துருச்சு."

இரண்டாவது தடவை வெட்டிக்கொள்ள அவள் ஒப்பவே இல்லை. "என்னையத் துண்டு துண்டா ரயிலேத்தி அனுப்பறதா முடிவு பண்ணீட்டீங்களா?" என்றாள். நானும் கெஞ்சினேன், அதட்டினேன். கந்தசாமி காலில் விழாத குறை. அவள் மனம் மாறி வருகிறேன் என்று சொன்னபோது கழுத்தில் கட்டி இறங்கியிருந்தது. டாக்டர் தொட்டுப் பார்த்துவிட்டு, இனி வெட்டிப் பார்க்கத் தேவையில்லை என்றார். வாயோ ஒரு விரல் நுழையவில்லை. கஞ்சியைக் கரண்டிக் காம்பால் ஒழுக விட்டேன். எனக்குக் கப்பலுக்கு நாள் வந்தது. புறப்படும்போது அவள் பேசவில்லை. பேச முடியாது. என் முந்தானையை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள்.

நான் பினாங்கில் இறங்கி வீடு வந்து சேர்வதற்குள் தகவல் எனக்கு முன்னால் வந்துவிட்டது.

5

இங்கே பழனி வேலை செய்வது அந்தச் சதை பார்க்கிற அறையில்தான். கூலி வேலை. கண்ணாடிச் சில்லு கழுவுவான், மெழுகு உருக்குவான், சாயம் கலக்குவான். ஊரில் யாரிடமாவது மகன் டாக்டர் என்று நான் சொல்லியிருந்தால் அது பொய்.

என் சதையும் அந்த அறைக்குத்தான் போயிருக்கிறது என்று எனக்குத் தெரியாதா? வெட்டிய அன்று பழனி வீட்டுக்கு வந்து மறுசோறு வாங்கவில்லை. மறுநாளும் அப்படியே. ஞாயிற்றுக்கிழமை அறையில் யாரும் இல்லை, கழுவ மட்டும் போகிறேன் என்றான். நானும் வருகிறேன் என்றேன். அறையைப் பார்க்கலாமா என்று டாக்டரிடம் முந்தின நாளே கேட்டுவிட்டேன், அவரும் பார்க்கட்டும் என்று சொல்லியிருந்தார். ஆகையால் அவனால் மறுக்க முடியவில்லை.

அறையில் அந்தப் பூதக்கண்ணாடிக் கருவி கறுப்பாக, இரண்டு குழல் வைத்து நின்றது. முன்பெல்லாம் ஒரே குழலாம். ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார்களாம். ஜன்னல் வெளிச்சத்தைக் கண்ணாடியில் பிடித்து உள்ளே திருப்ப வேண்டும், மழை இருட்டினால் வேலை நின்றுவிடும். இப்போது அடியில் மின்சார விளக்கு. இரண்டு கண்ணாலும் பார்க்கலாம். பக்கத்தில், சோடாக்கடையில் இருக்குமே, அது போல ஓர் இரும்பு உருளை. அதிலிருந்து காற்றைச் சீறவிட்டால் சதை பனிக்கட்டியாக உறைந்துவிடுமாம். உறைந்ததை உடனே சீவி, சாயம் ஏற்றி, வெட்டிக்கொண்ட ஆள் மேஜையை விட்டு இறங்குவதற்குள் பார்த்துச் சொல்லிவிடலாமாம். சோறு வேகிற நேரம்கூட ஆகாது.

"எனக்கும் அப்படித்தான் பாத்தாங்களா?" என்றேன்.

"உறைய வெச்சும் பாத்தாங்க. மெழுகுல வெச்சும் பாத்தாங்க" என்றான் பழனி. ஒரு சீசாவை எடுத்துக் குலுக்கினான். நாவல்பழக் கறை நிறத்தில் இருந்தது.

"அதென்ன?"

"சாயம்மா. மரக்கட்டையிலருந்து எடுக்கறது. கூடப் படிகாரம் கலக்கணும். இல்லைன்னா சதையில ஒட்டாது."

நான் அங்கிருந்த முக்காலியில் உட்கார்ந்துவிட்டேன். கந்தசாமி நினைத்தது பாதி சரி. படிகாரம் வேண்டியதுதான். கடைசியில் போட வேண்டியதை முதலில் போட்டுவிட்டார்.

பழனி முதலில் வேறு யாருடையதோ ஒன்றை வைத்துக் காட்டினான். நல்ல சதையாம். தாமரை நிறத்தில், பாவு நூல் ஓட்டின மாதிரி வரிசை வரிசையாக இருந்தது. இன்னொன்று வைத்தான். இது நோய் வந்த சதை. பாவில் கை தவறி இழை அறுந்து சிக்குப் பிடித்தது போல ஒழுங்கு கெட்டுக் கிடந்தது. நடுவில் அங்கங்கே வட்டம் வட்டமாக, சின்ன வெங்காயத்தைக் குறுக்கே அரிந்த மாதிரி.

"அந்த வட்டத்துக்கு முத்துன்னு பேரு. அது இருந்தா இந்தச் சீக்குத்தான், மாத்தமில்லை" என்றான்.

"முத்தா?"

"டாக்டருங்க அப்படித்தான் சொல்றாங்க."

"சரி. என்னோடதை வை."

"அதையெல்லாம் டாக்டர் சொல்லுவாரும்மா."

"அவரு சொல்றப்பச் சொல்லட்டும். நீ வை."

"இங்க இல்லம்மா."

"பழனி, ஒம்பது பெத்திருக்கேன். நீ பொய் சொன்னா காது மடல் சிவக்கும்னு எனக்குத் தெரியும். வை."

மேல் தட்டிலிருந்து ஒன்றை எடுத்தான். அதை எடுக்க அவன் தேடவில்லை. வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டான்.

நான் குனிந்து இரண்டு கண்ணாலும் பார்த்தேன். முதலில் ஒரே வெளிச்சம். பிறகு தாமரை நிறம் தெரிந்தது. என் கன்னம். அறுபத்தாறு வருஷம் என்னோடு இருந்த சதை, நான் கண்ணால் பார்த்திராதது. ஒரு பக்கம் பாவு ஒழுங்காக ஓடி வந்தது. மயிரிழை அளவு நகர்த்தினால் சிக்கு. சிக்குக்கு நடுவில் வெங்காயம். ஒன்று, அதற்குக் கீழே இன்னொன்று.

"முத்து மாலை வாங்கித் தரலைன்னு உங்கப்பாகிட்டச் சண்டை போட்டிருக்கேன். இப்ப உள்ளயே வெச்சிருக்கேன் பாரு" என்றேன்.

அவன் திரும்பவில்லை. தோள் மட்டும் ஆடியது. நான் எழுந்து போய் அவன் முதுகைத் தடவிக் கொடுத்தேன். வேறென்ன செய்வது? அவ்வளவு பெரிய கருவி வைத்திருக்கிறார்கள். அதற்குப் பக்கத்தில் இதற்கு மருந்து என்று ஒரு சீசாகூட இல்லை.

6

நான் எழுதத் தொடங்கிய பிறகு, செவ்வாய்க்கிழமை டாக்டர் சொன்னார். தெரியாதவள் போல உட்கார்ந்து கேட்டுக்கொண்டேன். தாடைக்குள் இறங்கிவிட்டதால் கத்தி வைக்க முடியாது என்றார். ரேடியம் ஊசி வைத்தால் காலத்தைக் கொஞ்சம் தள்ளலாம், அது மதராஸில் இருக்கிறது, சீக்கிரம் போக வேண்டும் என்றார்.

பாவாயியின் துண்டு அழுகிப் போய்ச் சேர்ந்த மதராஸ்தான். நான் முழுதாகப் போக வேண்டும்.

பழனி கப்பல் ஆபீசுக்குக் கூட்டிப் போனான். யுத்தம் நடக்கிறது, கப்பல்களைப் பட்டாளத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். போக அனுமதி வேண்டும். அங்கே இருந்த குமாஸ்தா தஞ்சாவூர்ப் பக்கத்துத் தமிழர்.

"பிறந்த தேதி என்னம்மா?"

"திருச்செங்கோட்டுத் தேரு நிலைக்கு வந்த அன்னிக்குங்க."

"எந்த வருஷத்துத் தேர்?"

"மழை பெய்ஞ்சு, சக்கரம் பொதைஞ்சு, மறுநாள் இழுத்தாங்களாம், அந்த வருசமுங்க."

அவர் பேனாவை வைத்துவிட்டுப் பழனியைப் பார்த்தார். பழனி ஏதோ ஒரு தேதியைச் சொன்னான். எதற்காகப் போகிறார் என்று கேட்டார். வைத்தியத்துக்கு என்றான். இங்கே ஆஸ்பத்திரி இல்லையா என்றார். இருக்கிறது, அங்கேதான் நான் வேலை செய்கிறேன் என்றான். அப்படியானால் ஏன் போகிறார் என்றார். இப்படியே போனது. கடைசியில், பேரை எழுதிக்கொண்டேன், கப்பல் வந்தால் சொல்கிறோம் என்றார். எந்தக் கப்பல், எப்போது என்பது அவருக்கே தெரியாது. அவர் மேல் தப்பில்லை.

மற்ற பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். மூன்றாவது மகன் சொன்னான்: "அங்க போயி யாரு பாத்துப்பா உன்னை? சித்தியும் இல்லை. இங்கயே இரும்மா." அவன் சொன்னது நியாயம்தான். அவன் மனைவி எனக்கென்று குழையக் குழையக் கஞ்சி காய்ச்சி எடுத்து வந்தாள். கேட்காமலே காய்ச்சிக்கொண்டு வந்துவிட்டாள்.

7

கப்பல் இன்னும் வரவில்லை. இதை எழுதத் தொடங்கும்போது இரண்டு விரல் போன வாய். இப்போது ஒன்றரை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஊரில் படிக்கிறவர்களுக்கு நான் சொல்ல வருவது ஒன்றுதான். வாயில் ஆறாத புண்ணோ வெள்ளைத் தடிப்போ இருந்தால் பல் சொத்தை என்று சொல்லிக்கொண்டு திரியாதீர்கள். டாக்டர் பாட்டிலில் எதை ஊற்றிக் கொடுக்கிறாரோ அதைக் கொட்டாதீர்கள். எவன் பிடித்தாலும் சீட்டைக் காட்டுங்கள். ஒரு இரவு போலீஸ் ஸ்டேஷனில் உட்கார்ந்தால் உட்கார்ந்துவிட்டுப் போங்கள். கந்தசாமி தம்பி இதைப் படித்தால், அவரைச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். அந்தப் பாட்டில் ஒழுங்காகப் போயிருந்தாலும் பாவாயி இருந்திருப்பாளா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. எனக்கு எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. விளக்கு எரிந்தது, படிகாரம் சரியான இடத்தில் சேர்ந்தது, சோறு வேகிற நேரத்தில் தெரிந்துவிட்டது. தெரிந்துகொண்டு நானும் கப்பலுக்குத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

என் சதை இங்கே கண்ணாடியில் இருக்கும். அது கெடாது, எத்தனை வருஷம் ஆனாலும் அப்படியே இருக்கும் என்று பழனி சொல்கிறான். மேல் தட்டு, ஜன்னல் பக்கம்.

சரசு, இங்கே வா சாமி. பலகையைக் கீழே வை. பாட்டி எழுதினதை முதலிலிருந்து படி, எல்லாம் சரியாக இருக்கிறதா பார்ப்போம். எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய், தெரியும். அவசரமில்லை. முத்து என்று வருகிற இடத்தில் அதென்ன பாட்டி என்று கேட்காதே, அப்பாவிடம் பிறகு கேட்டுக்கொள். நீ தப்பாகப் படித்தால் முன்போல என்னால் வாய் விட்டுத் திருத்த முடியாது. உன் முழங்காலில் ஒரு தட்டுத் தட்டுவேன். தட்டினால் அந்தச் சொல்லை இன்னொரு தடவை படி. தட்டவில்லை என்றால் சரி என்று அர்த்தம், நிறுத்தாமல் மேலே போ.

படி.